அந்தச் சக்கரத்துக்குள் நிஜமாகவே ஓட முடியுமா?

அடுத்த கேள்வி. "'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தைப் பற்றிப் போன வீடியோவிலும் பேசினீர்கள், அதற்கு முந்தையதிலும் பேசினீர்கள். 1968-இல் வந்த படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? அதில் ஒருவர் வட்டமான அறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறாரே, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் அதை எப்படி எடுத்தார்கள்? நிஜமாகவே விண்வெளியில் அப்படி ஓட முடியுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

சரி, ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி. ஓட்டத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்கு ஏன் இந்தப் படத்தின்மேல் இத்தனை பித்து என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. டிஸ்கவரி என்ற கலத்தில் ஐந்து பேர் வியாழனுக்குப் போகிறார்கள். மூன்று பேர் உறக்கநிலையில், இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள். அந்த இருவரும் சாப்பிடுவது, உடற்பயிற்சி செய்வது எல்லாம் ஒரு பெரிய சக்கரத்தின் உள்பக்கத்தில். சக்கரம் சுழல்வதால் கால் தரையில் ஊன்றுகிறது. அதில் ஃபிராங்க் பூல் காற்றில் குத்துவிட்டுக்கொண்டே ஓடுகிறார். சுவரில் ஏறி, கூரையில் ஓடி, மறுபக்கம் இறங்கி வருகிறார்.

எப்படி எடுத்தார்கள் என்றால், சக்கரத்தையே கட்டிவிட்டார்கள். படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை பிரிட்டனில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங்ஸ் என்ற பொறியியல் நிறுவனத்திடம் செய்யச் சொன்னார். 38 அடி விட்டம், ஏறத்தாழ 30 டன் எடை, செலவு 7,50,000 டாலர். ஓடுபவர் உண்மையில் எங்கேயும் ஏறவில்லை. எப்போதும் அடியிலேயேதான் இருக்கிறார், கூண்டுச் சக்கரத்தில் ஓடும் வெள்ளெலி மாதிரி. காலடியில் செட் சுழல்கிறது. கேமராவைச் செட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் அதுவும் கூடவே சுழலும், அப்போது நம் கண்ணுக்கு அறை நிற்கும், ஆள்தான் சுவரேறுவார்.

எனக்குப் பிடித்த ஷாட் ஓட்டம்கூட இல்லை. பூல் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். திரையின் எதிர்ப்புறம் டேவ் போமன் ஏணியில் இறங்கி, வளைவில் நடந்து அவர் பக்கத்துக்கு வருவார். அந்த நேரத்தில் பூலாக நடித்த கேரி லாக்வுட் நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டப்பட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த உணவும் பசை போட்டு ஒட்டியது. போமனாக நடித்த கீர் டுல்லே கீழே இருந்த இடத்திலேயே நடக்க, லாக்வுட்டை மேலேயிருந்து மெதுவாகச் சுற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். ஷாட் முடியும்போது இருவரும் அருகருகே. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் லாக்வுட்டின் முகத்தை மட்டும் பாருங்கள். ரத்தம் தலைக்கு ஏறுகிற ஆள் எத்தனை சாவகாசமாக மெல்லுகிறார்!

இப்போது, நிஜத்தில் முடியுமா? முடியும், ஆனால் படம் காட்டாத ஒரு வேடிக்கை இதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். செட்டின் அளவையே எடுத்துக்கொண்டால் ஆரம் 5.8 மீட்டர். பூமியில் இருக்கும் எடை வேண்டுமென்றால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே குமட்டிவிடும். நிலவின் ஈர்ப்பு போதும் என்றால் ஐந்து சுற்று போதும். இதே கதையை நாவலாக எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அதில் நிலவின் ஈர்ப்பைத்தான் வைத்திருக்கிறார்.

அந்த ஐந்து சுற்றில் தரை நகரும் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர். மனிதன் ஓடும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, சக்கரம் சுழலும் திசைக்கு எதிராக அதே வேகத்தில் ஓடினால் இரண்டும் கழிந்துபோய்விடும். எடை பூஜ்யம், கால் தரையை விட்டுவிடும், ஆள் மிதப்பார். சுழலும் திசையிலேயே ஓடினால் வேகம் இரண்டு மடங்கு, எடை நான்கு மடங்கு. அதாவது பூமியில் 60 கிலோ இருப்பவர் அங்கே நின்றால் 10 கிலோ, ஒரு பக்கம் ஓடினால் 40 கிலோ, மறுபக்கம் ஓடினால் ஒன்றுமில்லை. பூல் ஒழுங்காகக் குத்துவிட்டுக்கொண்டு ஓடுகிறார் என்றால் சரியான திசையில் ஓடுகிறார் என்று நம்ப வேண்டியதுதான்.

இதுதான் என் பித்துக்குக் காரணம். இந்தப் படத்தை நிறுத்தி வைத்துக் கணக்குப் போடலாம், பெரும்பாலும் தாங்கும். தந்திரங்களும் எளிமையானவை: விண்வெளி ஓடக் காட்சியில் மிதக்கும் பேனா ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைத்தது, அவ்வளவுதான். பணிப்பெண் அதைப் பிடிக்கும் இடத்தை நிறுத்திப் பாருங்கள், லேசாகப் பிய்த்து எடுப்பார்.

ஒரு காட்சியில் ஹெல்மெட் இல்லாமல் போமன் வெற்றிடத்தின் வழியே கலத்துக்குள் பாய்வதைச் சிலர் அபத்தம் என்கிறார்கள். அபத்தம் இல்லை. வெற்றிடத்தில் உடல் வெடித்துவிடாது. பத்துப் பதினைந்து விநாடிகள் நினைவு இருக்கும். 1966-இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் சோதனை நடந்தபோது ஒருவரின் விண்வெளி உடையிலிருந்து காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் மயங்கினார், உடனே அறைக்குள் காற்றை நிரப்பியதால் பிழைத்தார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசி நினைவு என்று சொன்னார். படத்தில் தப்பு வேறு இடத்தில்: போமன் மூச்சை அடக்கிக்கொள்கிறார். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் பாய வேண்டும். செய்து பார்க்கப் போவதில்லை என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவான படம், ஒப்புக்கொள்கிறேன். முதல் இருபத்தைந்து நிமிடம் வசனமே கிடையாது. தூக்கம் வந்தால் அந்தக் குரங்கு மனிதர்கள் பகுதியைத் தாண்டிவிட்டுப் பாருங்கள், தீவிர ரசிகர்கள் என்னைத் திட்டட்டும்.

அப்புறம், முடிவுக்கு விளக்கம் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். குப்ரிக் அதை வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார், நான் மூடப்போவதில்லை. விளக்கம்தான் வேண்டும் என்றால் கிளார்க்கின் நாவலைப் படியுங்கள், அதில் நேராகவே சொல்லியிருக்கிறார். ஒன்று மட்டும் கவனம்: நாவலில் கலம் போய்ச் சேர்வது வியாழனுக்கு இல்லை, சனிக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி எடுக்க முடியவில்லை என்பதால் படத்தில் வியாழனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த கேள்விக்குப் போவோம்.