மினிக்கு முதல்ல ஹெட், அப்புறம்தான் கார்ப்

வணக்கம் மக்களே! பழைய மினி வச்சிருக்கிற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு வெபர் 45 கார்ப், அதாவது காத்தையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் மேலதான் கண்ணு. பார்க்க அழகு, சத்தம் சும்மா அள்ளும். ஆனா கையில காசு இருந்தா முதல்ல ஹெட்டை, இன்ஜின் மேல வால்வோட உக்கார்ந்திருக்கிற அந்த மூடியைக் கழட்டுங்க.

ஏன்னு கேட்டீங்கன்னா, இதோ மேசையில இருக்கு பாருங்க. மினியோட 1275 சிசி ஏ-சீரிஸ் இன்ஜின் ஹெட், 12ஜி940ன்னு வார்ப்புலயே நம்பர் இருக்கும். இந்தப் பக்கம் பாருங்க. நாலு சிலிண்டருக்கும் பெட்ரோலும் காத்தும் உள்ள போக ரெண்டே வழி, புகை வெளிய வர மூணு. ஒண்ணும் ரெண்டும் ஒரே வாசல்ல உறிஞ்சுது, மூணும் நாலும் இன்னொண்ணுல. இந்த வாசல் இறுக்கமா இருந்தா, வெளிய எவ்வளவு பெரிய கார்ப் மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல.

சாதாரண 1275 மினி ஹெட்ல, காத்து உள்ள போற இன்லெட் வால்வு 33 மில்லிமீட்டர் சுமார். எம்ஜி மெட்ரோ கார் ஹெட்ல 35.6. கிடைச்சா அதைப் பிடிங்க. ஆனா வால்வு அளவை விட முக்கியம், வால்வு உக்கார்ற இந்த விளிம்பு. இங்க விரலை வச்சுத் தடவிப் பாருங்க, ஒரு படி மாதிரி தட்டுதா? காத்து அங்கதான் முட்டுது. வால்வு சீட்டை மூணு கோணத்துல வெட்டி, அதுக்குக் கீழ இருக்கிற கிண்ணத்தை இழைச்சு விட்டாலே வண்டி வேற மாதிரி ஆயிடும். போர்ட்டை, அதாவது அந்த வாசலைக் கண்டபடி அகலமாக்க வேணாம். காத்து வேகம் குறைஞ்சா கீழ் ஆர்பிஎம்ல இழுவை போயிடும்.

இன்னொரு விஷயம். சிங்கப்பூர்ல ஈயம் கலந்த பெட்ரோல் 1998லயே நின்னு போச்சு. ஈயம் இல்லாட்டி பழைய வால்வு சீட் சீக்கிரம் தேஞ்சிடும், அதனால பழைய ஹெட்டுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் போட்டிருக்கான்னு கேட்டு வாங்குங்க. 998 சிசி வச்சிருக்கிறவங்க 940 ஹெட்டை அப்படியே தூக்கி வச்சிடாதீங்க, சிலிண்டர் துளை சின்னது, எக்ஸாஸ்ட் வால்வு இன்ஜின் பிளாக்குல இடிக்கும். பிளாக்குல குழி வெட்டணும். உங்களுக்கு 12ஜி295 ஹெட்தான் நிம்மதி.

இப்ப கார்ப். நம்ம ரோட்டுக்கு ஒத்தை எஸ்யு ஹெச்ஐஎஃப்44, அவ்வளவுதான். இன்ஜின் கேக்குற அளவுக்கு இந்த கார்ப் உள்ள இருக்கிற பிஸ்டன் தானா ஏறி இறங்கும், அதனால பிஐஇ விரைவுச்சாலை ஜாம்ல ஊர்ந்தாலும் முக்காது. வெபர் மாட்டணும்னா, இன்ஜினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்புத் தகட்டையே வெட்டணும். முழு வண்டியா இருக்கிற ஒரு பழைய மினியை அதுக்காக அறுக்க எனக்கு மனசு வராது. எந்த கார்ப் போட்டாலும், அது சூடான புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலயே உக்கார்ந்திருக்கு. மத்தியான வெயில்ல நின்னா பெட்ரோல் கொதிச்சிடும். வெப்பத் தடுப்புத் தகடும் தடிமனான இன்சுலேட்டரும் கட்டாயம் போடுங்க.

ஹெட் மாத்தினா, எஸ்யு கார்ப்ல பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துற ஊசியான நீடிலும் மாத்த வேண்டி வரும். கலவை சரியான்னு பார்க்க, இன்ஜின் நல்லா சூடானதும் ஏர் ஃபில்டரைக் கழட்டுங்க. ஐடில்ல ஓடும்போது மெல்லிசான ஸ்க்ரூட்ரைவரால கார்ப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்க. ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம். திணறி அணைஞ்சா கம்மி. லேசா ஏறிட்டு உடனே பழைய இடத்துக்கு வந்துட்டா, சரி. காதுதான் மீட்டர்.

சிங்கப்பூர்ல பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துல வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும், அந்த நாள்ல வண்டி சுகமா ஓடணும். எக்ஸாஸ்ட்டும் சேர்த்து மாத்தறவங்க, சாமானுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடியே எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணைய விதியைப் பார்த்துடுங்க. அடுத்த வீடியோவுல இதே ஹெட்டுக்கு வால்வு ஸ்ப்ரிங் மாட்டுறதைக் காட்டறேன். வரேன் மக்களே!