கணக்கில் வராத நேரம்

(அரூரில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, காவல் மரண வழக்குகளில் "அடித்தார்களா?" என்ற கேள்விக்கு முன்பாகவே "எப்போது அழைத்துச் சென்றார்கள்?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. நம் கிராமங்களில் கைது என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. "விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்றுதான் சொல்கிறார்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. அந்த 24 மணி நேரத்தைக் காகிதம் எழுதிய நொடியிலிருந்து எண்ணினால், வீட்டிலிருந்து கூட்டிச் சென்றதற்கும் காகிதம் எழுதியதற்கும் இடைப்பட்ட நேரம் யார் கணக்கிலும் வராமல் போய்விடுகிறது.

இதைத் தடுக்கவே, 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், தேதியும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்று கட்டளையிட்டது. காவலில் ஒருவர் இறந்தால் நடுவர் விசாரணை கட்டாயம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவு. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் அது 196-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. அந்த விசாரணையில் உறவினர்கள் உடனிருக்கலாம் என்பதைப் பலர் அறியாமலே உடலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது விசாரிக்கச் சென்ற நடுவர், காவல் நிலையக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். காவலில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி மாவுக்கட்டுடன் நிற்பவரின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பும் நமக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வழக்கு நடத்தினால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு, இதே அரூர் வட்டத்து வாச்சாத்தியைக் காட்டுகிறேன். அது காவல் மரண வழக்கு அன்று. ஆனால் சீருடைக்காரர்களைக் கூண்டில் ஏற்றிய வழக்கு. 1992 ஜூனில் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் காவலர்களும் அந்த ஊர்ப் பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமைக்கு 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய மேலும் 12 ஆண்டுகள் ஆயின.

சில ஆண்டுகளுக்கு முன் பிணவறை வாசலில் ஒரு தாயைச் சந்தித்தேன். உடலைப் பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டு வைத்த ஊதா மை அவர் கட்டைவிரலில் காயாமல் இருந்தது. மகனைச் செவ்வாய்க்கிழமை மாலைதான் பிடித்தோம் என்றது காவல் நிலையக் காகிதம். "திங்கக்கிழமை காலங்காத்தால சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறவனைப் பாதியிலயே கூட்டிக்கிட்டுப் போனாங்கய்யா" என்றார் அவர். நேரத்துக்கு என்ன சாட்சி என்று கேட்டேன். முந்தானை முடிச்சிலிருந்து நான்காக மடித்த பால் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு மாலை வரை ஒரு வேளை தவறாமல் லிட்டர் கணக்கு எழுதியிருந்தது. திங்கள் காலை, திங்கள் மாலை, செவ்வாய் காலை மூன்று கட்டங்களும் காலியாக இருந்தன. நடுவரிடம் நாங்கள் முதலில் கொடுத்தது அந்த அட்டையைத்தான்.