‘தமிழ்’ல எத்தனை எழுத்து? கம்ப்யூட்டரக் கேளுங்க

நேயர்களுக்கு வணக்கம். வெப்சைட் பண்ற வேலை பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. இந்த வேலைன்னு சொன்னாலே கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர்கூட கேக்குறது ஒண்ணுதான், “பையன் காலேஜ் சேந்திருக்கான், எந்த கம்ப்யூட்டர் லாங்குவேஜ் படிக்கச் சொல்லலாம் சார்?” நானும் பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ரூபின்னு பொழப்புக்கு என்ன கேட்டாங்களோ அதுல எழுதிட்டு வந்தவன்தான். ஆனா எனக்குன்னு ஒரு பரீட்சை வச்சிருக்கேன். எந்த மொழி புதுசா கைக்கு வந்தாலும் ‘தமிழ்’ங்கிற வார்த்தையக் குடுத்து இதுல எத்தனை எழுத்துன்னு கேப்பேன்.

நீங்களும் விரல்விட்டு எண்ணிப் பாருங்க. த, மி, ழ். மூணு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லிடும்.

பிஎச்பிகிட்ட கேட்டா 15ன்னு சொல்லும்! ஜாவாஸ்கிரிப்ட் 5ன்னு சொல்லும். ரெண்டுமே 1995ல வெளிய வந்ததுங்க. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன்னோட பயோடேட்டா பக்கத்த யார் யார் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்க எழுதுன சின்னச் சின்ன கருவிங்கதான் பிஎச்பி ஆச்சு. ஜாவாஸ்கிரிப்டோட முதல் வடிவத்த பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்ங்கிற பிரவுசர் கம்பெனியில பத்தே நாள்ல எழுதுனாரு. அந்த அவசரத்துல மி-யையும் ழ்-ஐயும் யாரு நெனச்சா.

ஏன் 15, ஏன் 5? கம்ப்யூட்டருக்குள்ள ‘மி’ங்கிறது ம தனி, அந்தக் கொக்கி தனி. ‘ழ்’ல ழ தனி, புள்ளி தனி. அப்ப த, ம, கொக்கி, ழ, புள்ளி, அஞ்சு ஆச்சா? இந்த ஒவ்வொண்ணையும் சேமிக்க மூணு மூணு பைட் (கம்ப்யூட்டரோட சேமிப்பு அளவு), ஆக 15. பிஎச்பி பைட்டை எண்ணுது, ஜாவாஸ்கிரிப்ட் துண்டை எண்ணுது, எழுத்தை ரெண்டுமே எண்ணல. தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்புனா இங்கிலீஷுக்கு உள்ள 160க்குப் பதிலா 70லயே ஒரு மெசேஜ் முடிஞ்சுடுதே, அங்கயும் புள்ளிக்கும் கொக்கிக்கும் தனித்தனியா கணக்கு வச்சுத்தான் எண்ணுவாங்க.

இதனால என்ன குடி முழுகிப்போச்சுன்னு கேப்பீங்க. ஒரு செய்தி சைட், பேரு வேணாம், வேற யாரோ எழுதுன புரோகிராம் கோடு என்கிட்ட வந்துச்சு. முகப்புல தலைப்பு நீளமா இருந்தா இத்தனையாவதுல வெட்டி மூணு புள்ளி வைக்கணும். இங்கிலீஷுக்கு எழுதுன கோடு, அது பாட்டுக்கு பைட் கணக்குல வெட்டுது, எழுத்துக்கு நடுவுல கத்தி விழுந்தா கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி வரும், நீங்களும் பாத்திருப்பீங்க. சரின்னு முன்னாடியே யாரோ துண்டுக் கணக்குக்கு மாத்தியிருக்காங்க, டைமண்ட் போயிடுச்சு, ஆனா அதைவிட மோசம், ஏன்னா இப்ப தப்பு தப்பாவே தெரியல. ‘முதல்வர் பாராட்டு’ன்னு செய்தி, கடைசி உகரம் போயி ‘முதல்வர் பாராட்ட…’ன்னு நிக்குது. ஆசிரியர் போன் பண்ணி, “தம்பி, முதல்வர் பாராட்டுனாரா, இல்ல முதல்வர நாங்க பாராட்டப் போறமா?”ன்னு கேக்குறாரு. பெரியவர், கோவம் வேற. முழு எழுத்தா பாத்து வெட்டுறதுக்கு பிஎச்பில வசதி இருக்குங்க, தனியா ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் பாகம், போடணும், சைட்ட வச்சிருந்த அந்த மலிவு வாடகை சர்வர்ல அது இல்ல. சுத்தி வளைச்சு வேற வழியில பண்ணிக் குடுத்தேன், அத ரேடியோல விளக்க முடியாது.

பைத்தான் 2008ல மூணாவது பதிப்பு வந்தப்பறம்தான் சாதாரணமா கேட்டாலே 5ன்னு சொல்லுது, முன்னாடி 15தான். ரூபியும் 5. ஐபோன் ஆப் எழுதுற ஸ்விஃப்ட் மட்டும் கேட்ட உடனே 3ன்னு சொல்லும், அன்னிக்கு எனக்கு ஒரு டீ குடிக்கணும்போல இருந்துச்சு. உடனே ‘க்ஷ’ குடுத்தேன், 2ன்னு சொல்லிடுச்சு. சரி போகட்டும், அது ஒரு எழுத்தா ரெண்டாங்கிறது நம்ம வீட்டுக்குள்ளயே சண்டை. ஜாவாஸ்கிரிப்ட்லயும் இப்ப சரியா எழுத்து பிரிக்கிற வசதி வந்தாச்சு, ஃபயர்பாக்ஸ் பிரவுசர்ல மட்டும் 2024லதான் வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், எந்த மொழி பெஸ்ட்டுன்னு கேக்காதீங்க, அது எதை எண்ணுதுன்னு கேளுங்க.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. இன்னொண்ணு சொல்லணும்னு வச்சிருந்தேன், வேகமா சொல்லிடுறேன். ஆன்லைன் கடையில ஒண்ணு வாங்குறீங்க, கூட ஒண்ணு சேக்குறீங்க, ஃபார்ம்ல இருந்து வர்ற ‘1’ எப்பவும் நம்பரா இல்லாம எழுத்தாத்தான் வரும், அதோட 1 கூட்டுனா பிஎச்பி 2ன்னு சொல்லும், ஜாவாஸ்கிரிப்ட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி 11 ஆக்கிடும், பைத்தான் முடியாதுன்னு எர்ரர் குடுத்துட்டு நின்னுடும். நமக்கு பைத்தான் கட்சி. இந்த மாதிரி கூத்தெல்லாம் ஓடுறதுக்கு முன்னாடியே புடிக்கத்தான் 2012ல மைக்ரோசாஃப்ட் ஜாவாஸ்கிரிப்ட் மேல கட்டுன டைப்ஸ்கிரிப்ட்ங்கிற மொழியக் கொண்டு வந்தாங்க, ஆனா ஃபார்ம்ல இருந்து வர்றது எழுத்து, கூட்டி வர்றது நம்பராத்தான் இருக்கணும்னு நாம அதுக்கு ஒழுங்கா எழுதிக் குடுத்திருக்கணும். கோ மொழி பத்தி... இல்ல, அது இன்னொரு நாளைக்குத்தான். நன்றி, வணக்கம்.