கணக்கு யாருக்கு?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்த மத்தியான வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லாபக் கணக்கு மட்டும் போதாது, காட்டையும் காற்றையும் என்ன செய்தாய், வேலையாளை எப்படி வைத்திருக்கிறாய் என்றும் எழுதிக் கொடு. கம்பெனிகளைப் பார்த்து உலகமே இப்போது இப்படிக் கேட்கிறது. நம் நாட்டில் 2024 செப்டம்பரில் அதற்கான விதிமுறையாகத் தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு வந்தது. பங்குச் சந்தையின் முதன்மைப் பிரிவில் 200 கோடி ரிங்கிட்டுக்குக் குறையாத மதிப்புள்ள கம்பெனிகள் 2025 முதல் எழுத வேண்டும். அந்தப் பிரிவின் மற்ற கம்பெனிகளுக்கு 2026. சந்தைக்கு வராத பெரிய கம்பெனிகளுக்கு 2027.

இதெல்லாம் தோட்டத்து ஜனங்கள்மேல் திடீரென்று வந்த பாசம் இல்லை. 2020-இல் கட்டாய உழைப்புப் புகாரைச் சொல்லி, நம் நாட்டுப் பெரிய கம்பெனிகள் இரண்டின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தின் செம்பனையும் ரப்பரும் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. அதன் அமலாக்கத்தைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், அது வேறு கதை. வாங்குகிறவன் கேட்கிறான், விற்கிறவன் எழுதுகிறான். நல்லதுதான்.

ஆனால் யாருக்காக எழுதுகிறான்? நம் கட்டமைப்பு ஏற்றுக்கொண்ட அனைத்துலகத் தரவிதியே பதில் சொல்கிறது: முதலீட்டாளருக்கும் கடன் கொடுப்பவருக்கும். உங்கள் வீட்டுக் கூரையும் குடிதண்ணீர்க் குழாயும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் அறிக்கையில் பளபளவென்று ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். அந்தக் கூரை ஒழுகுகிறதா என்று தெரிந்தவர் அதைப் படிக்கப் போவதில்லை. தோட்டத்தைப் பற்றி எழுதிய பகுதியைத் தமிழிலும் மற்றத் தொழிலாளர் மொழிகளிலும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலேயே ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

சரி, இப்போது நம் பக்கம் பார்ப்போம். கூட்டுறவில் கணக்கைக் கேட்க வேண்டியவர் உறுப்பினர்தான். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை திறந்தவர்களின் வழி அது, நம் 1993 கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலும் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது வேலையும் போனது, லயத்து வீடும் போனது. இந்த மண்ணில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் மரம் சீவியவர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதை அது.

அப்புறம் 1986. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை முடக்கி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விசாரிக்க வேண்டி வந்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் மாசக்கணக்கில் அல்லாடினார்கள். அங்கேயும் உறுப்பினர்கள் இருந்தார்கள், வாக்கும் இருந்தது. ஆனால் கணக்கு இயக்குநர்களின் மேசையைத் தாண்டவில்லை.

நம் பொதுக்கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசலில் கையெழுத்து, கையில் ஒரு கணக்குப் புத்தகம், பின்னால் மேசையில் மீகூன் பொட்டலம். புத்தகம் மலாயில் இருக்கிறது, எண்கள் எறும்பு அளவு. பாதிப்பேர் அதைக் கொண்டு விசிறிக்கொள்கிறார்கள். தலைவர் "பக்கம் 14, ஏற்கிறீர்களா?" என்கிறார். கை உயர்கிறது. பெரிய சங்கமென்றால் நம் சார்பில் தேர்ந்தெடுத்த பேராளர்கள்தான் போகிறார்கள், திரும்பி வந்து நமக்கு என்ன சொன்னார்கள்?

பிரிட்டனில் 2014 கூட்டுறவுச் சட்டத்தையே சட்ட ஆணையம் 2024-இல் மறுபடி அலசி மக்களிடம் கருத்துக் கேட்டது, கூட்டுறவு என்றால் என்ன என்பதைச் சட்டத்திலேயே எழுதலாமா என்பது வரைக்கும். இங்கே 1993 சட்டத்தைத் திருத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். கணக்கின் சுருக்கம் உறுப்பினர் மொழியில், கூட்டத்துக்கு முன்பே, வீட்டுக்கு வர வேண்டும். பேராளர் தன் பகுதிக்குத் திரும்பி வந்து கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும். புதிய அபராதம், புதிய அலுவலகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி நேரத்தில் ஓர் அக்கா எழுந்தார். "சட்டம் மாறும்வரை நாங்க சும்மா இருக்கணுமா, தம்பி?" வேண்டாம், அக்கா. உள்தணிக்கைக் குழுவைப் பொதுக்கூட்டம்தான் தேர்ந்தெடுக்கிறது. வாரியத்துக்கு மட்டும் ஆள் தேடாமல் அதற்கும் கணக்குத் தெரிந்த பிள்ளைகளை நிறுத்துங்கள். தமிழ்ச் சுருக்கம் வேண்டும் என்ற தீர்மானத்தை எழுதி, முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்தோடு செயலாளரிடம் கொடுங்கள். எத்தனை நாளுக்கு முன்பு கொடுக்க வேண்டும் என்பது உங்கள் சங்கத்துத் துணைவிதியில் இருக்கும். கொடுத்ததற்கு ஒரு நகலில் சாப், அதாவது முத்திரை, வாங்கிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.