பத்து வருஷ 350 வண்டி: வைத்துக்கொள்வதே சரி! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் வெளுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணாச்சி அவர்களே, திங்கள்சந்தையில் இந்த நேரத்துக்கும் எழுந்து போகாமல் இருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, வண்டியை ஸ்டேண்ட் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து கேட்கிற தம்பிமாரே, வணக்கம்.

பத்து வருஷம் ஓடின 350 சிசி வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது தலைப்பு. வைத்துக்கொள்ளச் சொல்கிற கட்சி நான். வைத்துக்கொள்வது என்றால் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதில்லை; சரிபண்ணி ஓட்டுவது. அண்ணாச்சி அஞ்சு குற்றச்சாட்டு சொன்னார். கடல் காத்துல துருப்பிடிச்சிரும், ஸ்பேர் கிடைக்காது, எத்தனால் பெட்ரோல் கெடுத்திரும், பதினஞ்சு வருஷத்துல ஆர்.சி. (வண்டிப் பதிவு) முடிஞ்சிரும், புதுசுல பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காத ஏபிஎஸ் இருக்கு. நாலுக்கு என்கிட்ட பதில் இருக்கு. அஞ்சாவதை ஒளிக்க மாட்டேன், அதுக்கும் வாறேன்.

முதல்ல காசு. புது வண்டி ஷோரூம் விலை 2 லட்சம்னு வச்சுக்குங்க. 2023 நவம்பரில் இருந்து நம்ம மாநிலத்துல 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம். 24,000 ரூபாய் போச்சு. 2018 செப்டம்பரில் இருந்து புது டூ வீலருக்கு அஞ்சு வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 150-க்கு மேல் 350 சிசி வரைக்கும் 7,365 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ரெண்டும் சேர்ந்து 31,365. வண்டி இன்னும் ஷோரூம் படி இறங்கல்ல நடுவர் அவர்களே!

அதே காசுக்குப் பழைய வண்டிக்கு என்ன செய்யலாம்? முன்னும் பின்னும் புது டயர் சுமார் 7,000. செயினும் ரெண்டு பல்சக்கரமும் சேர்ந்த கிட் 3,000-க்குள்ள. கிளட்ச் பிளேட் செட், பேட்டரி, ஹேண்டில் பேரிங்கான கோன் செட், முன்பக்க ஷாக் அப்சார்பரான ஃபோர்க்கோட ஆயில் சீல், பிரேக் பேட், லைனர், எல்லா கேபிளும், பெட்ரோல் டியூப், அதோட மெக்கானிக் கூலி. கடைக்குக் கடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா 30,000 பக்கத்துல முடிஞ்சிரும். அண்ணாச்சி வரியும் காப்பீடும் கட்டி முடிக்கிற தொகையில என் கட்சிக்காரன் முழு வண்டியையும் புதுசாக்கி ஓட்டிட்டுப் போயிருவான்.

2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆச்சேன்னு அண்ணாச்சி கேட்டார். ஆச்சு, கொள்ளாம். ஆனா 350 சிசி வரைக்கும்தான். அதைத் தாண்டினா 40. பழசைக் குடுக்கிறவன் அதே சைஸ்லயா வாங்குறான்? "ஒரு படி மேல போவோம்"னு 400, 450-ன்னு போறான். அங்க வருஷாந்திர மூன்றாம் நபர் காப்பீடும் 1,366-ல இருந்து 2,804-க்கு ஏறுது.

சரி, குடுத்த காசுக்கு என்ன கிடைக்குது? நம்ம ரோட்டுல அதிகம் பார்க்கிற ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கையே எடுங்க. பத்து வருஷ வண்டியில உள்ள பழைய என்ஜின் 346 சிசி, 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர் இழுவை. 2021-ல வந்த புது என்ஜின் 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். 0.4 குதிரை கூடியிருக்கு. 0.4 குதிரைன்னா முழுக் குதிரை இல்ல, வால் பக்கம் மட்டும்! புதுசுல பேலன்சர் ஷாஃப்ட் இருக்கு, அதிர்வு குறைவு, அது உண்மை, ஒத்துக்கிறேன். அந்த அதிர்வுக் குறைவுக்கு 2 லட்சம் வேணுமா என்கிறதுதான் கேள்வி.

இப்ப துருவுக்கு வாறேன். இது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து விஷயம், அதனால கொஞ்சம் நின்னு பேசணும். முட்டம், குளச்சல், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்: மழையே இல்லாட்டாலும் வண்டி துருப்பிடிக்கும். உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுத்து இரும்பு மேல நிறுத்தி வைக்கும். ஆகவே துரு பிடிக்கிறது வயசால இல்ல, கழுவாததால. அதுலயும் ஒரு தப்பு நடக்குது. கடற்கரை ஊர்ல போர் தண்ணியே உப்பாத்தான் இருக்கு. அதுல கழுவினா உப்பை உப்பால கழுவின கதை. கடைசி ரெண்டு வாளியாவது நல்ல தண்ணி விடணும், வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் நிழல்ல நிறுத்திட்டுப் போகாம, அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வரணும். செயினும் பிரேக்கும் காயட்டும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் பைப்பை வீல் பேரிங், ஹேண்டில் கோன், வயரிங் கப்ளர் பக்கம் காட்ட விடாதீங்க. வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள கிரீஸைத் துரத்திட்டுத் தண்ணி குடியிருக்கும்.

ஃபோர்க்ல ஆயில் கசியுதுன்னு வந்தா சீலை மட்டும் மாத்தி அனுப்புறாங்க. கொஞ்ச நாள்ல திரும்பக் கசியும். உடனே "வண்டிக்கு வயசாச்சு"ம்பாங்க. விரலால ஃபோர்க் குழாயைத் தடவிப் பாருங்க. குரோம்ல குண்டூசி முனை மாதிரி சொரசொரப்பு தட்டுப்படும். அதுதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது சீலோட உதட்டை அறுக்குது. சீல் ஓடுற பகுதியில அந்தக் குழி இருந்தா குழாயை மாத்தணும், இல்லாட்டா ஹார்டு குரோம் ஏத்தணும். மேல, சீல் தொடாத இடத்துல இருந்தா பயமில்ல. ரப்பர் பூட் போட்ட வண்டின்னா பூட்டைத் தூக்கிப் பாருங்க, ஈரம் உள்ள நிக்கும்.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு, 90 கியர் ஆயில் உள்பக்கமா விட்டு, மிச்சத்தைத் துணியால எடுங்க. பெட்ரோல்ல கழுவாதீங்க, ரப்பர் வளையம் வச்ச ஓ-ரிங் செயின்னா அந்த ரப்பர் போயிரும். தளர்ச்சி பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர். உங்க கையேட்டைப் பார்த்து வையுங்க. மாத்தும்போது செயினை மட்டும் மாத்தாதீங்க. தேஞ்சு கொக்கியான பல்லுல புதுச் செயினைப் போட்டா அந்தப் பல்லே புதுசையும் தின்னுரும். ஸ்போக்கை ஸ்பேனரால தட்டிப் பாருங்க: இறுக்கமா இருந்தா "டிங்", தளர்ந்திருந்தா "டொக்". நிப்பிள்ல துரு ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு எண்ணெய். சைலன்சர் உள்ள இருந்துதான் அழுகும். சந்தைக்கு ரெண்டு கிலோமீட்டர் போய் வந்து நிறுத்துற வண்டியில, உள்ள குளிர்ந்து நிக்கிற நீராவி காயிறதே இல்ல. அடியில சின்ன ஓட்டை இருந்தா அது தண்ணி வடியத்தான். அதை வெல்டு வச்சு அடைச்ச புண்ணியவானும் உண்டு!

அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் உப்பு இல்ல, மழையும் ஏத்தமும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ரெண்டும் நமக்குப் பெய்யுது. ஏத்தத்துல ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலன்னா கிளட்ச் போச்சும்பாங்க. முதல்ல கிளட்ச் லீவர்ல 2, 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கான்னு பாருங்க. கேபிள் இழுத்துப் பிடிச்சிருந்தாலும் அதே மாதிரிதான் வழுக்கும். ஸ்க்ரூ திருப்புற வேலைக்கு வண்டியை விக்கணுமா? பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அது ஈரத்தை உறிஞ்சும், இறக்கத்துல சூடாகிக் கொதிச்சா லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகும். ஆரல்வாய்மொழி பக்கம் காத்தோட தூசி வரும், ஏர் ஃபில்டரைச் சொன்ன காலத்துக்கு முன்னாடியே பாருங்க.

புகைக்கும் இதே கதைதான். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்னா வால்வு ஆயில் சீல். முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை, ஆயிலும் குறையுதுன்னா பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர். மழைக்காலத்துக் காலையில வெள்ளையா வந்து மறைஞ்சா அது வெறும் நீராவி. மூணையும் ஒண்ணாக்கி "என்ஜின் போச்சு"ன்னு சொல்லித்தான் எக்ஸ்சேஞ்சுல அடிமாட்டு விலை பேசுறாங்க. செல்ஃப் போட்டா "டங்"னு அடிக்கிற பழைய 350-யிலயும் அப்படித்தான். வலு குறைஞ்ச பேட்டரியில திரும்பத் திரும்ப செல்ஃப் போட்டா என்ஜின் எதிர் உதை உதைச்சு, செல்ஃப் மோட்டாரை என்ஜினோட சேர்க்கிற ஸ்ப்ராக் கிளட்ச் உடையும். மீட்டர் வச்சு அளந்தா நிக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 பக்கம் இருக்கணும். இல்லாட்டா பேட்டரியையோ ரெகுலேட்டரையோ பாருங்க. ஸ்ப்ராக் தப்பிச்சிரும்.

எத்தனாலுக்கு வாறேன். 2023-க்கு முந்தைய வண்டிகளை, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குன்னு செய்யல்ல, அது சரி. லிட்டருக்கு எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோல்ல உள்ளதுல மூணுல ரெண்டு பங்குதான். அப்ப 20 சதவீதம் கலந்தா சுத்தப் பெட்ரோலை விட 6, 7 சதவீதம் சக்தி குறையும். இந்தக் குறைவு புது வண்டி டேங்க்ல ஊத்தினாலும் அதேதான், பெட்ரோலுக்கு ஆர்.சி. வருஷம் தெரியாது. பழசுக்குத் தனியா உள்ள பிரச்சினை ரெண்டு: ரப்பர் ஊதிப் போறது, ஈரம் இழுத்து டேங்க்ல தண்ணி சேர்றது. மருந்தும் இருக்கு. எத்தனால் தாங்கும் டியூப் போடுங்க, கார்புரேட்டர் ரப்பர் கிட்டை மாத்துங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஊருக்குப் போறீங்கன்னா பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் அடியில இருக்கிற ஃபிளோட் பௌல்ல உள்ளதை வடிச்சு விட்டு, டேங்கை நிரப்பி வையுங்க. காலி இடம் இருந்தாத்தான் உள்ள வேர்க்கும். கலவை மெலிஞ்சு சூடு கூடினா, பைலட் ஸ்க்ரூவைச் சரிபண்ண அல்லது ஜெட் ஒரு அளவு ஏத்த நல்ல மெக்கானிக்குக்குத் தெரியும்.

ஸ்பேர் விஷயம் சீக்கிரம் முடிக்கிறேன். அதிகம் வித்த வண்டிக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தேயுற பொருள் கிடைக்குது. உற்பத்தி நிறுத்தின, குறைவா வித்த மாடல்னா மீட்டர், பாடி பேனல், எலெக்ட்ரானிக் யூனிட் சிரமம்தான். அதனால கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், லீவர் ஒரு செட் சீட்டுக்கடியில போட்டு வையுங்க.

ஆர்.சி.? பதினஞ்சு வருஷத்துல வண்டி செத்துப் போறது இல்ல. பெட்ரோல் வண்டிக்குப் பதினஞ்சோட முடியணும்னு வந்தது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. இங்க காலாவதிக்கு முந்தின 60 நாளுக்குள்ள படிவம் 25 போட்டு, டி.என். 74-ன்னா நாகர்கோவில், 75-ன்னா மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.வுல வண்டியைக் காட்டி, பசுமை வரியும் கட்டினா அஞ்சு வருஷம் நீட்டிக் குடுப்பாங்க. பத்து வருஷ வண்டிக்கு அந்த வேலையே இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு.

இப்ப ஏபிஎஸ். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் விக்கிற எல்லா வண்டிக்கும் கட்டாயம். நம்ம பத்து வருஷ வண்டியில பெரும்பாலும் கிடையாது. பின்னால வாங்கி மாட்டுற சாமானும் இல்ல. நடுவர் அவர்களே, இதுக்கு என்கிட்ட ஈடு இல்ல. தினமும் மழையிலயும் இருட்டுலயும் நாகர்கோவில் - திருவனந்தபுரம் நெடுஞ்சாலையில வேகமாப் போய் வாறவர்னா, அண்ணாச்சி பக்கமே போங்க, நான் தடுக்கல்ல. ஆனா ஏபிஎஸ் பிடிக்கிறது டயர் குடுக்கிற பிடியைத்தான். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. கல்லாய் இறுகின அந்த டயரோட ஏபிஎஸ் வண்டி ஓட்டுறவங்களும் இந்தக் கூட்டத்துல இருக்காங்க. இறங்கிப் போய்ப் பாருங்க.

இன்னொரு இடத்துலயும் நான் விட்டுக் குடுப்பேன்: வண்டியோட எலும்புக்கூடான சேஸ். சென்டர் ஸ்டேண்ட் மாட்டுற இடம், ஸ்விங் ஆர்ம் போல்ட் பக்கம், பேட்டரி பெட்டிக்கு அடியில ஆசிட் சொட்டின இடம், இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்திப் பாருங்க. செதில் உதிர்ந்து உள்ள நல்ல இரும்பு தெரிஞ்சா சுரண்டி, ப்ரைமர் அடிச்சு, பெயின்ட் அடிங்க. முனை உள்ள இறங்குச்சா, அந்த வண்டியை மாத்துங்க. விபத்துல சேஸ் வளைஞ்சிருந்தாலும் அப்படித்தான். ஆனா 2017 நவம்பர் 30 ஓக்கிப் புயல் மாதிரி ஒரு நாள்ல தண்ணிக்குள்ள நின்ன வண்டின்னா அவசரப்பட்டு விக்கவும் வேண்டாம், அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடிங்க. பால் கலந்த காப்பி நிறத்துல வந்தா உள்ள தண்ணி. வெளுப்பு போற வரைக்கும் ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். ஏர் பாக்ஸ், டேங்க், ஃபிளோட் பௌல் மூணையும் வடிச்ச பிறகுதான் கிக்கரைத் தொடணும்.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிர்றேன். அடுத்து பேச வாற எதிரணித் தங்கச்சி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். குளச்சல்ல அதே வாசல், அதே உப்புத் தண்ணி, அதே கழுவாத கை. அங்க நிறுத்தப் போற புது வண்டி, பழைய வண்டிக்கு வராத எந்த வரத்தை வாங்கிட்டு வருது? பதில் சொல்லும்போது அந்த 31,365 ரூபாயையும் கணக்குல சேர்த்துக்கச் சொல்லுங்க, நடுவர் அவர்களே. வணக்கம்.