சுவர் இருந்தால்தான் சித்திரம்

(ராமநாதபுரம் கடலோரக் கல்லூரி ஒன்றின் மகளிர் நாள் விழாவில் பெண் ஆர்க்கிடெக்ட் ஒருவர் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தாளாளர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் முதல்வர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய ஊராட்சித் தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, தேவிபட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் சுயஉதவிக் குழுத் தாய்மார்களே, பேராசிரியப் பெருமக்களே, என் அன்புத் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷமே தாளாளர் ஐயா என்னை அழைத்தார்கள். கீழக்கரையில் ஒரு வேலை இழுத்துக்கொண்டது, வர முடியவில்லை. மனம் கோணாமல் இந்த வருஷமும் அழைத்த பெருந்தன்மைக்கு நன்றி. வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்ற முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன். கட்டடக்கலைப் படிப்பு ஒன்று, வேலையிடம் ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு தொழிலை எப்படிக் காப்பாற்றுவது என்பது ஒன்று.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.ஆர்க். ஐந்து வருஷம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். நாட்டா என்ற நுழைவுத்தேர்வு உண்டு. படித்து முடித்துக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டலாம். 1972ஆம் வருஷத்துச் சட்டம் அது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு" என்று யாராவது கேட்டால், 1936லேயே பம்பாயில் பெரின் மிஸ்திரி கட்டடக்கலைப் பட்டயம் வாங்கிவிட்டார் என்று சொல்லுங்கள். நம் கடலுக்கு அந்தப் பக்கம், கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைக் கழகத்தில் சேர்ந்தார். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். நெசவாளரையும் குயவரையும் தன் கட்டடங்களுக்குள் கூட்டி வந்தவர் அவர். அதனால்தான் எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்வார்கள்: "சுவர் இருந்தால்தான் சித்திரம்." நான் ராத்திரி சாப்பிடாமல் வரைந்துகொண்டிருந்தால், உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்காகச் சொன்னது. அதன் இன்னொரு அர்த்தம் எனக்கு மண்டபம் ஊரில்தான் புரிந்தது.

படிப்பு முடித்த இரண்டாம் வருஷம். மண்டபம் பக்கம் ஒரு வீடு, மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போடுகிற நாள். விடிவதற்குள் போய்விட்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்து, "வாங்க பாப்பா, இஞ்சினியர் சார் பின்னால வாராகளா?" என்றார். வரைபடம் போட்டது நான்தான் என்றேன். நாற்காலியைத் தட்டி நிழலில் போட்டார். நான் உட்காரவில்லை. கம்பி மேல் ஏறி இடைவெளி அளந்தேன். குனிந்து, கம்பி தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் கட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் சரி. மிக்ஸர் ஓடத் தொடங்கியது.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு, சட்டி நிறைய ஜல்லி. ஒரு சித்தாள் அக்கா, என் பக்கம் திரும்பாமலே, "தாயி, டிரம்முத் தண்ணிய நாக்குல வச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

விரலை நனைத்து வைத்தேன். கரித்தது.

டேங்கர் வரவில்லை என்று கொல்லைக் கிணற்றில் குழாயைச் சொருகிவிட்டார்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றுகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மீறினால் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், உள்ளேயிருந்து நெம்பும், கொஞ்ச வருஷத்தில் தளம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். இந்தக் கடலோரத்தில் அப்படிப் பெயர்ந்த கூரைக்குக் கீழே தொட்டில் கட்டியிருக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்காரர் சத்தம் போட்டார். காங்கிரீட் பாதியில் நின்றால் ஆகாது, நல்ல நேரம் போகுது என்றார்கள். எனக்குக் கால் நடுங்கியது, ஆனாலும் இறங்கவில்லை. அதுவரை போட்ட கலவையை வழித்து அள்ளிக் கொட்ட வைத்தேன். பத்து மணிக்கு டேங்கர் வந்தது. லைட் போட்டு ராத்திரி எட்டுக்கு முடித்தோம்.

எல்லாரும் கை கால் கழுவுகையில் அந்த அக்காவிடம், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சேலை ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "முப்பது வருசமாக் கலவை சுமக்குறேன் தாயி. இது எனக்குத் தெரியாதா?" கொத்துக்கரண்டி பிடித்திருக்கிறீர்களா என்றேன். "குடுத்தா பிடிக்க மாட்டமா? யாரு குடுத்தாக?" அன்றைக்கு அவருக்குக் கொத்தனார் சம்பளத்தில் பாதி.

பெரியோர்களே, நான் எந்த மேடைக்குப் போனாலும் இதைத்தான் பேசுகிறேன். சித்தாளாக வருகிற ஆண் சில வருஷத்தில் கொத்தனார் ஆகிறான், பிறகு மேஸ்திரி ஆகிறான். சித்தாளாக வருகிற பெண் சித்தாளாகவே கிழவியாகிறாள். சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்தது. ஆனால் சமமான வேலையையே கொடுக்காதபோது அந்தச் சட்டம் அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை 1994 முதல் இருக்கிறது. எத்தனை பெண்களின் அட்டையில் கொத்தனார் என்று எழுதியிருக்கிறது?

தங்கைகளே, நீங்கள் ஆர்க்கிடெக்ட் ஆகுங்கள், ஆசையாகச் சொல்கிறேன். ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம். தனுஷ்கோடிக்குப் போனால் அந்தத் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் ரயிலையே கொண்டுபோனது. அந்தப் பவளக்கல் சுவர் இன்னும் நிற்கிறது. உப்பையும் காற்றையும் தெரிந்த கை கட்டியது. அந்த அறிவு இப்போது நம் சித்தாள் பெண்களின் நாக்கிலும் சேலை ஓரத்திலும் இருக்கிறது. அதன் கையில் கரண்டியைக் கொடுக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது விஷயத்தை இன்னொரு நாள் பேசுகிறேன். இதை முடிக்காமல் இறங்க மனம் வரவில்லை.

தாளாளர் ஐயா, புதிய விடுதி கட்டப்போவதாகச் சற்று முன் அறிவித்தீர்கள், மகிழ்ச்சி. அதன் சுற்றுச்சுவரை மட்டும் பெண்களிடம் கொடுங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணி முதல், வெயில் ஏறும்வரை பயிற்சி. முதலில் மண்சாந்தில் கட்டி, பிரித்து, மறுபடி கட்டிப் பழகுவோம். கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் மூன்றையும் நான் வாங்கித் தருகிறேன். தாய்மார்களே, பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள், நோட்டோடு அங்கே இருக்கிறேன். கைப்பிள்ளை இருந்தால் தூக்கிக்கொண்டே வாருங்கள், மரத்தடியில் தொட்டில் கட்டிக்கொள்ளலாம்.