நாலரை லட்சத்துல 400 குதிரை வருமா? ஆக்டேவியா ஆர்எஸ் டியூனிங் செலவு: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. அடுத்த கேள்வி பெருந்துறையில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. படிச்சிர்றேன்.

"அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஆக்டேவியா ஆர்எஸ் 230 எடுத்திருக்கேன். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. 400 குதிரை கொண்டு வரணும்னு ஆசை. பெரிய டர்போ, டவுன்பைப், இன்டேக், ரீமேப் எல்லாம் சேத்து ஒரு கேரேஜ்ல நாலரை லட்சம்னு கொட்டேஷன் குடுத்தாங்க. கியர்பாக்ஸ் தாங்குமான்னு கேட்டா 'அதெல்லாம் ஓடும்'ங்கறாங்க. இந்தக் காசுக்குள்ள முடியுமா? வால்பாறை, ஊட்டின்னு அடிக்கடி போவேன், அங்க ஏதாச்சும் பிரச்சனை வருமா?"

தம்பி, நாலரை லட்சத்துல டைனோ மேல, அதாவது பவர் அளக்கற மெஷின் மேல ஏத்தி 400-ஐ ஒருக்கா காட்டிரலாமுங்க. அந்தக் கொட்டேஷன் அதுக்குத்தான் போட்டது. வண்டி அதே 400-ஓட ரெண்டு வருஷம் ஓடணும்னா 10-ல இருந்து 16 லட்சம் வரைக்கும் ஆகும். எங்க போகுதுன்னு ஒண்ணொண்ணா சொல்றேன், கேட்டுக்கோங்க.

உங்க வண்டியில இருக்கறது ஈஏ888 மூணாம் தலைமுறை 2 லிட்டர் இன்ஜின். கம்பெனியில இருந்து வரப்பவே 230 பிஎஸ், அதாவது 230 குதிரை, சுத்து விசையான டார்க் 350 நியூட்டன் மீட்டர். மேல இருக்கற டர்போவை ஐஎஸ்20-ன்னு சொல்லுவாங்க. எந்தப் பாகத்தையும் மாத்தாம, இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற புரோகிராமை மட்டும் மாத்தற ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டீங்கன்னா நல்ல பெட்ரோல்ல 290, 300 கிட்ட வந்துரும், டார்க் 420 ஒட்டி நிக்கும். இதுக்கு 50,000-ல இருந்து 70,000 வரைக்கும் வாங்குவாங்க. அதாவது ஒரு குதிரைக்கு ஆயிரம் ரூவா. இந்த உலகத்துலயே இதைவிட மலிவான பவர் கிடையாதுங்க. அதுக்கு அக்கட்ட, 300-ல இருந்து 400-க்குப் போறப்ப ஒரு குதிரைக்குப் பத்தாயிரத்துக்கு மேல விழும். ஏன்னா 300 வரைக்கும் கம்பெனிக்காரன் விட்டுவெச்ச மிச்சத்தை எடுக்கறீங்க. அப்புறமேட்டுக்கு அந்த மிச்சம் தீந்துருது, ஒவ்வொண்ணையும் காசு போட்டு வாங்கோணும்.

முதல்ல டர்போ. ஐஎஸ்20-ஐக் கழட்டிட்டு கோல்ஃப் ஆர்-ல வர்ற ஐஎஸ்38 போடறதுதான் எல்லாரும் செய்யறது. சிலிண்டர் ஹெட்டுல அப்படியே உக்காந்துக்கும், அளவு ஒண்ணுதான். புதுசு 1.8-ல இருந்து 2.5 லட்சம். வெளிநாட்டுல இருந்து வர்ற பாகத்துக்கு எல்லாம் கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி, கூரியர் மூணும் சேந்து வெப்சைட்ல காட்டற விலையில மூணுல ஒரு பங்காச்சும் எச்சா ஏறும், அதை மறந்துட்டு பட்ஜெட் போடாதீங்க. பாதி விலைக்கு ஓடின டர்போ கிடைக்குதுன்னு வாங்கப் போனா, கம்ப்ரசர் பக்கம் வீலை விரல்ல புடிச்சு ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல கொஞ்சூண்டு ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்ன பின்ன ஆடுச்சுன்னா த்ரஸ்ட் பேரிங் போயிருச்சுன்னு அர்த்தம், வெச்சுட்டு வந்துருங்க. மாட்டறப்ப ஆயில் வர்ற பைப்பும் கேஸ்கட்டும் புதுசா போடோணும். பழைய பைப்புல கரி புடிச்சிருந்தா புது டர்போவுக்கு ஆயில் பத்தாம அதுவும் போயிரும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால ஃபியூயல் பம்ப் ஃபியூசை எடுத்துட்டு, ஆயில் பிரஷர் ஏறற வரைக்கும் செல்ஃப் மட்டும் அடிக்கோணும். இதைச் செய்யாம நேரா ஸ்டார்ட் பண்ற இடமா இருந்தா வேற இடம் பாருங்க.

டர்போவுல இருந்து புகை வெளிய போற டவுன்பைப் 70,000-ல இருந்து 1.1 லட்சம். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே (சுருக்கமா கேட்) இல்லாத பைப்பைத் தலையில கட்டுவாங்க, வேண்டாமுங்க. கேட் வேலை செய்யலைங்கற பி0420 எரர் கோடு வரும், அதை ரீமேப் ஃபைல்ல மறைச்சாலும் வண்டி நாறும், புகை டெஸ்ட்டும் சுத்தமா பாஸ் ஆகாது. புகை சுளுவா போற 200 செல் ஹை-ஃப்ளோ கேட் வெச்சதுல நீங்க இழக்கற பவர் ஸ்டியரிங் புடிச்சுத் தெரியற அளவுக்கு இருக்காது. இன்டேக்கும் டர்போ இன்லெட்டும் சேந்து 50,000-ல இருந்து 70,000.

அடுத்தது உங்க கொட்டேஷன்லயே இல்லாத சாமான், டர்போ அமுக்கின காத்தைக் குளிர வெக்கற இன்டர்கூலர். நம்ம ஊர் வெயில்ல இதுதான் முதல்ல வந்திருக்கோணும். ஒரு கணக்கு சொல்றேன். ஏப்ரல் மாசம் வெளிக்காத்து 38 டிகிரி. அதை டர்போ ரெண்டரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குதுன்னு வெச்சுக்கோங்க. கம்ப்ரசர் 70 சதவீத திறமையில வேலை செஞ்சாலும் வெளிய வர்ற காத்து 170 டிகிரிக்குப் போயிரும். இத்தனை சூட்டையும் அந்த இன்டர்கூலர்தான் வாங்கி வெளிய தள்ளோணும். கம்பெனி இன்டர்கூலர் ஒரு இழுப்புக்குத் தாங்கும். ரெண்டாவது, மூணாவது தடவை மிதிக்கறப்ப அதுவே கொதிச்சுக் கெடக்கும். இன்டேக் சூடு 60 டிகிரி தாண்டினா நாக்கிங், அதாவது கலவை தப்பா வெடிக்கறது வராம இருக்க, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பொறி விழற நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னால இழுத்துக்கும், நீங்க காசு குடுத்து வாங்கின 400-ல ஒரு பங்கு அப்பவே காணாமப் போயிரும். மொந்தையான இன்டர்கூலர் 70,000-ல இருந்து 1.2 லட்சம். குளிர் நாட்டுல உக்காந்துட்டு "ஸ்டேஜ் 2-க்கு (டவுன்பைப்பும் சேத்துப் போடற ரீமேப்) இது கட்டாயமில்லை"ன்னு சொல்றவங்க பேச்சை ஈரோட்டுல வெச்சு நம்பக்கூடாதுங்க.

பெட்ரோல் பக்கம் வந்தா, இன்ஜினுக்குள்ள பெட்ரோலை அழுத்தித் தள்ளற ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப். இந்த இன்ஜின் 200 பார் ரெயில் பிரஷர்ல ஓடுது. ஐஎஸ்38 போட்டு 400 கேட்டா, 5,500 ஆர்பிஎம்முக்கு மேல பழைய பம்பால அந்த அழுத்தத்தைப் புடிச்சு நிறுத்த முடியாம சரிய ஆரம்பிக்கும். இப்பத்திக்கு பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்ததுக்கு எரிசக்தி கம்மி, அதனால அதே வேலைக்கு சுத்தமான பெட்ரோலைவிட 6-ல இருந்து 8 சதவீதம் எச்சா ஊத்தோணும். ஏற்கெனவே மூச்சு வாங்கற பம்புக்கு அது வேற சுமை. புது பம்ப் 70,000-ல இருந்து 1.2 லட்சம். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ச்சியானது, பொறி தாவற இடைவெளி (கேப்) 0.6 மில்லிமீட்டர். கேப் எச்சா இருந்தா அழுத்தத்துல பொறி அணைஞ்சு வண்டி முழு மிதியில திக்கும். காயிலோட சேத்து 25,000-ல இருந்து 35,000.

கியர்பாக்ஸ். இதைத்தான் நெம்பக் கவனமா கேக்கோணும். உங்களுது டிக்யூ250, ஆறு கியர், ஆயில்ல முங்கின கிளட்ச். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரான டிசியூவுக்கு ட்யூன் போட்டு கிளட்ச் அமுக்கற அழுத்தத்தை ஏத்தினா 450 நியூட்டன் மீட்டர் வரைக்கும் ஓட்டலாம். ஐஎஸ்38 சுளுவா 480, 500-ஐத் தொடும். அப்ப கிளட்ச் வழுக்கும். போர்ல 10 ஹெச்பி மோட்டாரை இறக்கிட்டு 5 ஹெச்பிக்கான வயரையும் ஸ்டார்ட்டரையும் அப்படியே விட்ட கதைதான். வழுக்கறதை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா, நாலாவது கியர்ல மேனுவல் மோடுல முழுசா மிதிக்கறப்ப டேக்கோமீட்டர் முள்ளு பொக்குனு 300, 400 ஆர்பிஎம் தாவும், ஸ்பீடு ஏறாது. அப்படி நாலு தடவை ஓட்டினா கிளட்ச் தேய்ஞ்ச தூள் ஆயில்ல கலந்து, கியர் மாத்தற மெக்கட்ரானிக் வால்வுல போய் அடைக்கும். பலமான கிளட்ச் பேக், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் ஒட்டுக்கா 1.5-ல இருந்து 2.5 லட்சம். டிசியூ ஃபைல் தனியா 40,000-ல இருந்து 60,000. "அதெல்லாம் ஓடும்"னு சொன்னவங்ககிட்ட, வழுக்கினா மாத்தற செலவு யாருதுன்னு எழுதி வாங்குங்க. பேச்சு அங்கயே மாறிரும்.

இன்னொண்ணு, டிக்யூ250-க்கு 60,000 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தோணும். உங்க வண்டி 62,000. பழைய ஓனர் மாத்தின பில் இருக்குதான்னு பாருங்க. இல்லீன்னா ரீமேப்புக்கு முன்னாடியே அதைச் செஞ்சிருங்க.

இதைக் கேட்டுட்டு இருக்கற போலோ, விர்டஸ்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. விர்டஸ் 1.5 ஜிடி டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்ல இருக்கறது டிக்யூ200, உலர் கிளட்ச், அதோட தாங்குதிறனே 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் கம்பெனியில இருந்தே 250 குடுக்குது. மிச்சம்னு ஒண்ணுமே இல்லீங்க. அதுல ஸ்டேஜ் 1 போட்டு 330 எடுக்கறேன்னு சொன்னா கிளட்சுக்கும் காசு எடுத்து வெச்சுட்டுப் போங்க.

நிறுத்தற பக்கம் பெருசா விளக்கம் வேண்டாம். நல்ல பேடு, புது டாட் 4 ஃப்ளூயிடு, டிஸ்க்குன்னு போனா ஒரு லட்சம், பெரிய பிரேக் கிட்டுன்னா 3 லட்சம். நாலு டயர் 70,000. முன்சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி, 480 நியூட்டன் மீட்டரை வெச்சுட்டு சாதா டயர்ல மழையில மிதிச்சா மூணாவது கியர்லயும் சுத்தும். இன்ஜின் மவுன்ட் இன்சர்ட் 10,000-ல இருந்து 15,000. ஈசியூ ஃபைல் இந்த லெவலுக்கு 70,000-ல இருந்து ஒரு லட்சம், கூலி 60,000-ல இருந்து ஒரு லட்சம். கூட்டிப் பாருங்க, முன்ன சொன்ன 10-ல இருந்து 16 அங்க வந்து நிக்கும். அப்புறம் 15,000-க்கு ஒருக்கா மாத்தின இன்ஜின் ஆயிலை 7,500-க்கு மாத்தோணும், பிளக் 20,000-க்கு ஒருக்கா.

காசு கட்டறதுக்கு முன்னால இப்ப இருக்கற இன்ஜினோட நெலமையப் பாருங்க. கம்ப்ரஷன் டெஸ்ட்ல சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல வித்தியாசம் வந்தா ட்யூனிங் பேச்சையே எடுக்காதீங்க. பைப்புக்குள்ள புகை விட்டுப் பாக்கற ஸ்மோக் டெஸ்ட் பண்ணி, டர்போ அமுக்கற காத்து எங்கயாச்சும் கசியுதான்னு (பூஸ்ட் லீக்) பாருங்க. இந்த இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேந்த பிளாஸ்டிக் ஹவுசிங் கூலன்ட் ஒழுகறது நெம்ப சகஜம், அதையும் டார்ச் அடிச்சுப் பாத்துருங்க. ரீமேப் போட்ட பொறவு லாக், அதாவது வண்டி ஓடறப்ப ஈசியூல இருந்து எடுக்கற பதிவு, எடுத்துத் தரச் சொல்லுங்க. மூணாவது கியர், 2,000-ல இருந்து 6,500 ஆர்பிஎம். ஒவ்வொரு சிலிண்டர்லயும் டைமிங் எவ்வளவு பின்னால இழுக்குது, லாம்டா (காத்து-பெட்ரோல் கலவை அளவு), ரெயில் பிரஷர், இன்டேக் சூடு, இந்த நாலும் அதுல இருக்கோணும். டைனோ பேப்பர் மட்டும் குடுத்தா அது வீல்ல அளந்ததா, இன்ஜின் தண்டுல (கிராங்க்) வர்றதுன்னு கணக்குப் போட்டதான்னு கேளுங்க. கிராங்க்ல 400-ன்னா வீல்ல 340 கிட்டத்தான் வரும். லாக்கை எல் அண்ட் டி பைபாஸ் மாதிரி பொது ரோட்டுல எடுக்க வேண்டாம், டைனோ இருக்குது, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல டிராக் டே நடக்கறப்ப எடுத்துக்கலாம்.

சட்டம் பத்தியும் கேட்டுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அசல் விவரத்துல இருந்து மாத்தக்கூடாது. 2019-ல வந்த திருத்தத்துல, 182ஏ பிரிவுல, மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமேன்னு இருக்குது. அபராதத்தைவிட இன்சூரன்ஸ்தான் பெரிய அடி. மாத்தினதைச் சொல்லாம வெச்சிருந்து விபத்து ஆச்சுன்னா கிளெய்மை நிராகரிக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சிருது. கழட்டின கம்பெனி பாகத்தை ஒண்ணு விடாம எடுத்து வெச்சுக்கோங்க, விக்கறப்ப திருப்பி மாட்டினாத்தான் வெலை வரும்.

என்னைக் கேட்டா, ஸ்டேஜ் 1 ஃபைல், இன்டர்கூலர், டிசியூ ட்யூன், பிளக், கியர்பாக்ஸ் ஆயில், நல்ல பிரேக் பேடு, டயர். உங்க நாலரை லட்சத்துக்குள்ளயே முடிஞ்சிரும். 300 குதிரை, 420 நியூட்டன் மீட்டர், கிளட்சும் பம்பும் அதோட எல்லைக்குள்ள. ஃபைல் எழுதறவர்கிட்ட 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழ டார்க்கை அடக்கி வெக்கச் சொல்லுங்க. செங்கப்பள்ளி தாண்டி கன்டெய்னர் லாரியை முந்தறப்ப, மேனுவல் மோடுல ஆறாவது கியர்ல 1,700 ஆர்பிஎம்ல முழுசா மிதிச்சீங்கன்னா, பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவை தானா வெடிக்கும். பிஸ்டன்ல ரிங் உக்கார்ற ஓரம் அப்படித்தான் உடையுது. கியரைக் குறைச்சுட்டு மிதிங்க.

மலைக்குப் போறதைப் பத்திக் கேட்டீங்களே. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. ஒண்ணு, ரெண்டாவது கியர்லயே ஏறுவீங்க, முன்னால அடிக்கற காத்து கம்மி, இன்டர்கூலரும் கியர்பாக்ஸ் ஆயிலும் ஒண்ணா சூடாகும். அட்டகட்டி கிட்ட அஞ்சு நிமிஷம் மெதுவா ஓட்டினா எறங்கிரும். ஊட்டி வேற மாதிரி. 2,240 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கீழ இருக்கறதுல முக்கால் பங்குதான். பெருந்துறையில ரெண்டரை மடங்கு அமுக்கற டர்போ, அதே பவருக்கு அங்க மூணே கால் மடங்கு அமுக்கோணும். அதுக்கு டர்போ ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சுத்தும். ஃபைல்ல உயரத்துக்குத் தக்க பூஸ்டை (டர்போ அழுத்தத்தை) குறைக்கற டேபிளை அழிச்சு வெச்சிருந்தாங்கன்னா டர்போ அங்கதான் போகும். அது இருக்குதான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. இருந்தா ஊட்டியில பிக்கப் கொஞ்சம் மந்தமாத் தெரியும், அப்படித்தான் தெரியோணும்.

அடுத்த கேள்வி தாராபுரத்துல இருந்து, டீசல் வண்டி இஜிஆர் பத்தி. அதை எடுத்துக்கலாமுங்க.